ஏழரை மணிக்கு இரண்டு வீட்டிலும்

புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் காலனி. என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும், அவர்கள் அப்பா கட்டிய ஒரே வீட்டில்தான் ரொம்ப நாள் குடும்பம் நடத்தினார்கள். மாமனார் போன பிறகு நடுவில் ஹாலோ பிளாக் கல் வைத்து வீட்டை இரண்டாகத் தடுத்தார்கள். சண்டை ஒன்றும் இல்லை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இடம் பற்றவில்லை, அவ்வளவுதான். கூடத்தின் பெரிய பாதி அண்ணன் பக்கம் போனது. அங்கே இருந்த டிவியும் அவர்களோடு போனது.

அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்கு நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே "இன்னாமே" தான். எங்கள் இரண்டு பேருக்கும் ஏழரை மணி சீரியல் என்றால் உயிர். பெயரைக்கூடச் சொல்ல மாட்டோம். "ஏழரை போட்டாச்சா" என்றுதான் கேட்போம். ஒரு பெரிய வீடு, மூன்று மருமகள்கள், காணாமல் போன ஒரு பிள்ளை என்று அது வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்தது. சுவர் வருவதற்கு முன்னால் கூடத்தில் பாயைப் போட்டுக்கொண்டு, கீரை கிள்ளியபடியோ கருவாடு ஆய்ந்தபடியோ இருவரும் பார்ப்போம். விளம்பரம் வந்தால் ஒருத்தி எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பாள், இன்னொருத்தி அதுவரை நடந்த கதைக்குத் தீர்ப்பு சொல்வாள்.

சுவர் வந்த பிறகும் சில வாரம் அந்தப் பக்கம் போய்த்தான் பார்த்தேன். அப்புறம் என் வீட்டுக்காரர் ஒரு டிவி வாங்கி கேபிள் இழுத்தார். நானும் கம்பெனி வேலைக்குப் போக ஆரம்பித்தேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பாட்டில் மூடி செய்கிற கம்பெனி. பேக்கிங் செக்‌ஷன். காலையில் கூட்டுரோட்டுக்கு வருகிற கம்பெனி பஸ்ஸில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் திரும்புவேன்.

வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் ரேஷன் கடை வரிசையில் நின்ற ஒரு பெண் என் காதில் ஒரு பேச்சைப் போட்டாள். "உங்க ஓரகத்தி இன்னா சொல்லிச்சி தெரியுமா? கம்பெனி பஸ்ல ஏறுனதுலேர்ந்து இவளுக்குக் காலு தரையிலியே நிக்கலன்னிச்சி."

அக்காவிடம் நேராகப் போய்க் கேட்டிருந்தால் அதே இடத்தில் முடிந்திருக்கும். நான் கேட்கவில்லை. அந்தப் பக்கம் போவதை நிறுத்தினேன். ஏன் வரவில்லை என்று அவளும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் மட்டும் ஒருவருக்கொருவர் "ஸ்தோத்திரம்" சொல்லிக்கொள்வோம். அங்கே சொல்லாமல் போனால் நாலு பேர் கவனிப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் வாய் மூடிக்கொள்ளும். பேசாமலே ஒரு கிறிஸ்துமஸ் போனது. பலகாரத் தட்டு பிள்ளைகள் கையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது.

ஆனால் ஏழரை மட்டும் இரண்டு வீட்டிலும் நிற்கவில்லை. தடுப்புச் சுவருக்கும் மேலே இருந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கும் நடுவில் ஒரு கை போகிற இடைவெளி. அந்தப் பக்கத்துச் சத்தம் அப்படியே கேட்கும். எங்களுடையது கேபிள், அவர்களுடையது டிஷ். ஏனோ டிஷ்ஷில் எல்லாம் ஒரு மூச்சு தள்ளித்தான் வரும். என் டிவியில் மாமியார்காரி பேசி முடித்த வசனத்தைச் சுவருக்கு அப்பால் மறுபடியும் பேசுவாள். கதையில் ஏதாவது நடந்தால் எனக்கு முதலில் திக்கென்று இருக்கும். ஒரு நொடி கழித்து அந்தப் பக்கமிருந்து "அடிப்பாவி" என்று அக்காவின் குரல் வரும். பல நாள் அந்தக் குரல் வரட்டும் என்று காத்திருந்து கேட்டிருக்கிறேன்.

பின்பக்கம் இரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம், ஒரே குழாய். விளம்பரம் போட்டதும் நான் குடத்தோடு வருவேன், அவள் பாத்திரத்தோடு வருவாள். இருவருக்கும் விளம்பரம் ஒன்றாகத்தானே வருகிறது. அதனால் பார்க்காமல் இருக்கவும் முடியாது. ஒருத்தி குழாயடியில் நின்றால் மற்றவள் துணிக்கொடி பக்கம் திரும்பி நிற்பாள். பாட்டுச் சத்தம் கேட்டதும் இருவரும் உள்ளே ஓடுவோம்.

ஒரு கோடைக்காலத்தில் கதை சூடாக ஓடிக்கொண்டிருந்தபோது கரண்டு போனது. காணாமல் போன பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். மூத்த மருமகள் அவன் இருக்கிற அறைக்கதவில் கை வைக்கிறாள். அந்த இடத்தில் டிவி அணைந்தது. காலனி முழுக்க ஒரே சமயத்தில் "ச்சே" என்று குரல் எழுந்தது. புழுக்கம் தாங்காமல் முற்றத்துக்கு வந்தேன். அக்காவும் முந்தானையால் விசிறிக்கொண்டு நின்றிருந்தாள். இருட்டில் முகம் தெரியவில்லை.

"உள்ள போயிருப்பாளா?" என்றாள். என்னைத் தவிர அங்கே வேறு ஆள் இல்லை.

"போவாம இன்னா" என்றேன்.

"போனா அவன அடையாளம் தெரிஞ்சிக்குவாளா?"

"மூஞ்சியெல்லாம் கட்டு போட்டுகிறாங்களேக்கா."

அக்கா என்று சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாததுபோல, "ஆமா, கட்டு போட்டுகிறான்" என்றாள். கரண்டு வருகிறவரை அந்தப் பிள்ளையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு விளம்பரம் வந்தால் குழாயடிப் பேச்சு என்றாகிவிட்டது. சீரியலைத் தவிர வேறு பேச்சு கிடையாது. ஆனால் பேச வேண்டியதெல்லாம் அதிலேயே வந்தது. கதையில் கடைசி மருமகள் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். வீட்டில் ஆளாளுக்கு அவளைக் குத்திக் காட்டினார்கள். அன்றைக்கு அக்கா சாம்பல் வைத்துச் சட்டியைத் தேய்த்தபடி, தலை நிமிராமல் சொன்னாள்.

"அவ வேலைக்கிப் போறதுல இன்னா தப்பு கீது? மூத்தவதான் வயித்தெரிச்சல்ல வாய்க்கு வந்தத பேசிட்டா. அவளுக்கு ஊட்ல பேச்சுத் தொணைக்கி ஆளில்லாத போச்சி. அதான் அப்பிடி பேசிட்டா."

நான் குடத்தைக் குழாயடியில் வைத்தேன். "சின்னவளும் நேரா வந்து கேட்டிருக்கலாம்" என்றேன்.

"கேட்டிருக்கலாம்" என்றாள். விளம்பரம் முடிந்துவிட்டது. இருவரும் அவரவர் வீட்டுக்குள் போனோம். அன்று மீதிக் கதை எனக்குக் கண்ணில் பட்டதே தவிர மனசில் ஏறவில்லை.

அந்த ஒன்றிரண்டு வருஷம் நன்றாகத்தான் இருந்தது. விளம்பர நேரத்தில் ஒரு கிண்ணம் குழம்பு இந்தப் பக்கம் வரும், மறுநாள் கிண்ணத்தில் வடகமோ வறுத்த நெத்திலியோ அந்தப் பக்கம் போகும். ஆனால் பழையபடி ஒரே வீட்டில் பாய் போட்டு உட்காரலாம் என்று மட்டும் இருவரில் யாரும் வாய் திறக்கவில்லை. அவள் கூப்பிடட்டும் என்று நான் இருந்தேன். நான் வருவேன் என்று அவள் இருந்தாளோ என்னவோ. நாளைக்கும் ஏழரை வரப்போகிறது, அடுத்த வாரமும் வரப்போகிறது என்று அதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போனோம்.

கம்பெனியில் ஓவர்டைம் கூடியது. வாரத்தில் பல நாள் எட்டு மணிக்குத்தான் வீடு வந்து சேர்வேன். ஏழரை போய்விட்டதே என்று புலம்பிக்கொண்டிருந்தபோது என் மகன் செல்போனை வாங்கி அதில் ஏதோ ஏற்றிக் கொடுத்தான்.

"இன்னாத்துக்குமா ஏழரைக்கி ஓடி வர்ற? எல்லாம் இதுல கீது. எப்ப வேணா பாத்துக்கலாம். விளம்பரம்கூட வராது."

உண்மையாகவே எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. காலையில் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து, காதில் மாட்டிக்கொண்டு, நேற்றைய கதையை நிம்மதியாகப் பார்த்தேன். கொஞ்ச நாளில் பஸ்ஸில் எல்லாப் பெண்களும் அப்படியே ஆனார்கள். முன்பெல்லாம் கூட்டுரோட்டில் ஏறியதிலிருந்து கம்பெனி கேட் வரைக்கும் ஏழரைப் பேச்சுதான். இப்போது யாராவது வாயைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவள் கையெடுத்துக் கும்பிடுவாள். "சொல்லாத சொல்லாத, நா இன்னும் பாக்கல." ஒருத்தி முந்தாநாள் கதையில் இருப்பாள், ஒருத்தி போன வாரத்தில் இருப்பாள், ஒருத்தி அதை விட்டுவிட்டு வேறு எதற்கோ போயிருப்பாள். பஸ் ஓடுகிற சத்தம்தான் கேட்கும்.

வீட்டிலும் அதே கதி. மகன் உள் அறையில் அவனுக்குப் பிடித்ததைப் பார்த்தான். வீட்டுக்காரர் கட்டிலில் சாய்ந்து செல்போனில் கிரிக்கெட் பார்த்தார். அந்தப் பக்கமும் அக்காவின் மகள் கட்டிக்கொடுத்த செவ்வாப்பேட்டையிலிருந்து வந்தபோது அம்மாவுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். அக்கா மத்தியானம் படுத்துக்கொண்டே பார்க்கப் பழகிவிட்டாள். எந்த நாளிலிருந்து ஏழரை மணிக்கு இரண்டு வீட்டிலும் டிவி சத்தம் நின்றது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நின்றதே தெரியாமல் நின்றுவிட்டது. கேபிளையும் வேண்டாம் என்று எடுத்துவிட்டோம். அக்கா குழாயடிக்கு எப்போது வருகிறாள் என்பது எனக்குத் தெரியாது. நான் வருவது அவளுக்குத் தெரியாது. எதிரில் பட்டால் சிரித்துக்கொள்வோம். "பாத்தியா?" என்று கேட்பாள். "இன்னும் இல்லக்கா" என்பேன். அதற்கு மேல் பேச்சு நீளாது. எங்களுக்குள் மனக்கசப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் அது யாருக்கும் உறைக்கவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் ஓவர்டைம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் கட்டிலில் இருந்தார். மகன் உள்ளே இருந்தான். கால் கழுவ முற்றத்துக்குப் போனேன். கொடியில் அக்காவின் துணிகள் நனைந்துகொண்டிருந்தன. ஒரு சொட்டு விழுந்தால் ஓடி வந்து எங்கள் துணியையும் சேர்த்து எடுத்து வைக்கிறவள் அவள்.

"அக்கா, துணி நனையுது" என்று குரல் கொடுத்தேன். பதில் இல்லை. சமையல்கட்டுக் கதவு சாத்தாமல் இருந்தது. எட்டிப் பார்த்தேன். தரையில் கிடந்தாள். ஒரு கால் மடங்கி அடியில் மாட்டியிருந்தது. பக்கத்தில் தண்ணீர்க்குண்டான் கவிழ்ந்து கிடந்தது.

"நீயாமே?" என்றாள். குரல் ஈனமாக இருந்தது. "இப்பதான் கம்பெனிலேர்ந்து வர்றியா?"

"இன்னாக்கா இது? எப்ப உழுந்த?"

"வெளிச்சம் இருக்கசொல்ல உழுந்தேன். தண்ணி கொட்டிச்சி, வழுக்கிட்டேன். எழுந்துக்க முடியல."

அவள் வீட்டுக்காரர் எளாவூர் பக்கம் ஒரு குடோனில் வாட்ச்மேன். மறுநாள் காலையில்தான் வருவார். போன் கூடத்தில் கிடந்தது.

"ஏன்க்கா கூப்புடல? அவரு கீறாரு, பையன் கீறான்."

"கூப்ட்டேன்மே. கொஞ்ச நேரம் கத்திக்கினுதான் இருந்தேன். உங்க ஊட்ல ஒரு சத்தமும் இல்ல, டிவியும் ஓடல. யாரும் இல்ல போலன்னு உட்டுட்டேன். சும்மா கத்தி இன்னா பண்றது."

நான் இருந்த இடத்திலிருந்தே என் வீட்டுக்காரரைக் கத்திக் கூப்பிட்டேன். வரவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். எழுந்து ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். அவர் காதிலிருந்ததைப் பிடுங்கிக்கொண்டு, "இன்னா, இன்னா ஆச்சி?" என்றார். மகனையும் அப்படித்தான் கதவைத் தள்ளி எழுப்ப வேண்டியிருந்தது. இருவரும் ஓடி வந்தார்கள். இரண்டு பேருமாகப் பலகையில் கிடத்தித் தூக்கினார்கள். பக்கத்துத் தெருவில் ஒரு வேன் கிடைத்தது.

திருவள்ளூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, நன்றாகத்தான் கவனித்துக்கொண்டார்கள். ஒரு நாள் மத்தியானம் வெளிவராந்தாவில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபோது என் வீட்டுக்காரர் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கி நா பாத்துகினு இருந்தது நேரா நடக்கற மேட்ச்சுகூட இல்ல" என்றார். "முந்தா நாளே முடிஞ்சி போனது. யாரு ஜெயிச்சாங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் பாத்துகினு இருந்தேன்."

நான் பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினேன். "சாப்புடு" என்றேன். அவர் மீது யாரும் குறை சொல்லவில்லை. அண்ணன்கூட "நீ இன்னாடா பண்ணுவ" என்றுதான் சொன்னார். அண்ணியை அம்மாவுக்குச் சமமாக நினைக்கிற மனுஷர் இவர். இன்றைக்கும் செல்போனில் எதையாவது பார்த்தால் ஒரு காதில் மட்டும்தான் மாட்டுகிறார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவை மகள் செவ்வாப்பேட்டைக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கள் பின்முற்றமும் குழாயடியும் இனி அவள் காலுக்கு ஆகாது. அண்ணனும் வேலையை விட்டுவிட்டு அங்கேயே போனார். கொஞ்ச நாளைக்குத்தான் என்று முதலில் சொன்னார்கள். பிறகு ஒரு வண்டி வந்து பீரோவை ஏற்றிக்கொண்டு போனது.

நான் ஒரு லீவு நாளில் பெரியபாளையம் வழியாகப் போகிற பஸ் பிடித்துத் திருவள்ளூர் போய், அங்கிருந்து ரயிலில் செவ்வாப்பேட்டைக்குப் போனேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். பக்கத்தில் பிடித்து நடக்கிற கம்பி வண்டி. சுவரில் பெரிய டிவி. கொஞ்ச நேரம் காலைப் பற்றி, மாத்திரையைப் பற்றி, காலனியில் யார் எப்படி என்று பேசினோம். பிறகு பேச்சு நின்றது. நான் புடவைத் தலைப்பை மடித்துக்கொண்டிருந்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள்தான் அதைப் பார்த்துவிட்டு, "சித்தி, உங்க சீரியல் முடிஞ்சிபோச்சில்ல? ஆனா மொத்தமும் கீது, மொதல்லேர்ந்து. போடட்டா?" என்றாள்.

"போடு" என்றாள் அக்கா.

"எத போடட்டும்?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எதைச் சொல்வது? வருஷக்கணக்கில் ஓடிய கதை மொத்தமும் அந்தச் சுவரில் வரிசையாக நின்றது. "எதுன்னா ஒண்ணு போடு" என்றேன். அவள் ஏதோ ஒன்றை அழுத்திவிட்டுச் சமையலைப் பார்க்கப் போனாள்.

கட்டிலில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எத்தனையோ காலத்துக்குப் பிறகு இருவரும் ஒரே டிவியைப் பார்க்கிறோம். மூத்த மருமகள் வந்தாள், மாமியார்காரி வந்தாள். அக்காவிடம் ஏதாவது பேச வேண்டும் என்று இருந்தது. நடுவில் பேசினால் அவளுக்குக் கதை போய்விடுமே என்று இருந்தேன். விளம்பரம் வரவில்லை. ஒரு நாள் கதை முடிந்தது, அடுத்த நாளின் கதை தானாகவே ஆரம்பித்தது. திரும்பிப் பார்த்தேன். மாத்திரை அசதியில் அக்கா தூங்கிவிட்டிருந்தாள். தலை என் தோளில் சாய்ந்திருந்தது. அந்த டிவியை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்தால் அவள் விழித்துக்கொள்வாள். அது பாட்டுக்கு ஓடட்டும் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அடுத்தது வந்தது. அதற்கடுத்ததும் வந்தது.

கிளம்புகிற நேரத்தில் விழித்துக்கொண்டாள். "தூங்கிட்டேன் பாரு. நீ வந்த அன்னிக்கிதான் எனக்குத் தூக்கம்" என்று சங்கடப்பட்டாள். கம்பி வண்டியைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

"அடுத்த வாட்டி வரசொல்ல டிவி வாணாம்மே" என்றாள். "சும்மா பேசிகினு இருக்கலாம்."

"சரிக்கா."

"காலைலியே வந்துடு. நாஷ்டா இங்கதான்."

அடுத்த முறை போனபோது மருமகன் வீட்டு உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள். கூடம் நிறைய ஆள். அக்கா உள்ளே கட்டிலில், நான் சமையல்கட்டில் இட்லி அவித்துக்கொண்டு. "இன்னொரு நாளு வா" என்று கண்ணாலேயே சொன்னாள். அதற்குப் பிறகு போக முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலும் ஓவர்டைம் போடுகிறார்கள். அவள் போன் செய்தால் நான் மெஷின் சத்தத்தில் இருக்கிறேன். நான் போன் செய்தால் அவள் தூங்குவதாக மகள் சொல்கிறாள். எழுந்ததும் கூப்பிடச் சொல்லவா என்று கேட்கிறாள். "பரவால்ல, எப்ப முடியுதோ அப்ப கூப்புடட்டும்" என்று சொல்லிவிட்டு வைக்கிறேன்.